லொறி வெளியே வரும்வரை

அப்பாவின் நாடியையும் தலையையும் சுற்றிக் கட்டப்போன துணியை அம்மா பறித்தாள்.

"கட்டாத, அன்ரோனெற். கட்டினா பாக்கிறவைக்கு விளங்கிப்போடும்."

"வாய் திறந்து கிடக்குதே அம்மா."

"கிடக்கட்டும்."

அதே துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மா வழக்குக்காகக் கோட்டுக்குப் போகச் சீலை மாற்றினாள். விடிகிற நேரம்தான் அப்பா அருட்பிரகாசம் கடைசி மூச்சை விட்டிருந்தார். ஓலைத்தொடுவாய் ஊரில் இன்னும் ஒருவருக்கும் தெரியாது. துக்க மணி அடிக்கக் கோயிலுக்குச் சொல்லியனுப்பவில்லை.

மீன் ஏற்றுகிற சின்ன லொறியில் பெர்மிட் இல்லாமல் மண் ஏற்றி அண்ணன் யோசேப் பிடிபட்டிருந்தான். லொறி பொலிஸ் முற்றத்தில் நின்றது. பதிவு அப்பாவின் பெயரில். அவர் படுக்கையில் விழுந்துவிட்டதால், தனக்காகக் கோட்டில் நின்று கேட்க அம்மாவுக்கு அற்றோனித் தத்துவம் எழுதிக் கொடுத்திருந்தார். வழக்குப் பேசுகிற அப்புக்காத்தர் அப்போதே சொன்னார்: "அவர் உயிரோட இருக்குமட்டும்தான் இது செல்லும். லொறியை விடுற கட்டளை கிடைக்க முந்தி ஏதும் நடந்தா, சொத்து வழக்கு முடியுமட்டும் லொறி அங்கயே நிண்டு துருப்பிடிக்கும்."

கட்டளை இன்றைக்கு.

"அழாத, என்ன? சத்தம் கேட்டா லூசியா வேலியைப் பிரிச்சுக்கொண்டு வந்திடுவா." அம்மா யோசேப்பின் பின்னால் சைக்கிளில் ஏறிப் போனாள்.

அன்ரோனெற் போர்வையை அப்பாவின் நெஞ்சுவரை இழுத்துவிட்டாள். இலையான் மொய்க்காமல் காற்றாடியைக் கூட்டி வைத்தாள்.

"எடியே, கொப்பர் கஞ்சி குடிச்சவரோ?" பக்கத்து வீட்டு லூசியா மாமி வேலிக்கு மேலால் கேட்டாள்.

"ஓம் மாமி."

"லொறி வந்தா நல்ல பூட்டொண்டு வாங்கிப் போடச் சொல்லு. இல்லாட்டி கொண்ணன் அடுத்த முறை கடலையே ஏத்திப்போடுவான்."

"சொல்லுறன் மாமி."

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. மாதத்தின் முதல் வெள்ளி. நோயாளிகளுக்கு நற்கருணை கொடுக்கப் பாதர் வருகிற நாள் என்பதை வீட்டில் எல்லாரும் மறந்திருந்தார்கள்.

"அப்பா நித்திரை, பாதர்." அவள் வாசலை மறித்து நின்றாள்.

"பரவாயில்லைப் பிள்ளை. நான் எழுப்பிறன்."

பாதர் உள்ளே போய் அப்பாவின் நெற்றியில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு நாடியின் கீழே கை கொடுத்து மெல்ல மேலே தள்ளிப் பார்த்தார். வாய் மூடவில்லை. அன்ரோனெற் பாதரின் செருப்பில் ஒட்டியிருந்த மணலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா எங்க?"

"கோட்டுக்கு. லொறிக்கு… இண்டைக்குத்தான் பாதர் கட்டளை."

அவர் நற்கருணைச் சிமிழைத் திறக்காமலே திரும்பப் பைக்குள் வைத்தார். உதடுகள் மட்டும் செபத்தில் அசைந்தன. வெளியே வந்தபோது லூசியா மாமி வேலியில் நின்றாள்.

"அருட்பிரகாசம் எப்பிடிப் பாதர்?"

"நல்ல நித்திரை. குழப்பாதேங்கோ."

வெயில் உச்சிக்கு ஏறியபின் போன் அடித்தது.

"கிடைச்சிட்டுது." அம்மாவின் குரலில் ஒன்றும் இருக்கவில்லை. "பிணைமுறியில கையெழுத்து வைச்சாச்சு. லொறியை எடுத்துக்கொண்டு வாறம். இனி நீ அழலாம், பிள்ளை."

அன்ரோனெற் அழப் பார்த்தாள். வரவில்லை. வேலியடிக்குப் போனாள்.

"மாமி, அப்பா செத்துப்போனார்." உப்புக் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள்.

"ஐயோ, எப்பயடி?"

"இப்ப."

மாமியின் ஒப்பாரி கடற்கரைவரை கேட்டிருக்கும்.

லொறி வந்தபோது வாசல் நிறைய ஆட்கள். அம்மா இறங்கி ஒருவரையும் பாராமல் உள்ளே போனாள். யோசேப் எஞ்சினை நிற்பாட்டவில்லை. சவப்பெட்டி எடுக்க அவன் மன்னாருக்குப் போகவேண்டும். லொறியின் கதவில் வெள்ளைப் பெயின்றால் பெரிதாக வழக்கு இலக்கம் எழுதியிருந்தது. அன்ரோனெற் சட்டைக் கரையை எச்சிலில் நனைத்து அதைத் தேய்த்தாள்.

"விடு. அது போகாது," என்றான் யோசேப்.

அவள் தேய்த்தாள். லொறி மெல்ல உருண்டது. கையை எடுக்காமல் அதனோடு கூடவே நடந்தாள்.