விபத்தில்லாத நாட்கள்

சிமெண்ட் ஆலையின் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பலகை நிற்கிறது. அதில் எண் மாற்றுவதுதான் வாட்ச்மேனுக்குக் காலையில் முதல் வேலை. ஷிப்டு சங்கு ஊதுவதற்குள் மாற்றிவிட வேண்டும். அன்றைக்கும் ஸ்டூலைப் போட்டு ஏறினார். கொக்கியில் தொங்கிய ஆறாம் எண் தகரத்தைக் கழற்றிவிட்டு ஏழை மாட்டினார். ‘விபத்தில்லாத நாட்கள் 997’ என்று ஆனது. நிமிர்ந்து ஒருதரம் சரிபார்க்க அவருக்கு மனசு வரவில்லை. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கையை இரண்டு தடவை கழுவினார்.

கம்பெனி ஜீப் வந்து நின்றது. பின் சீட்டில் அவருடைய தங்கை புருஷன் வலது காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முழங்கால்வரை துணி சுற்றியிருந்தது. டிரைவரும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவனை இறக்கினார்கள். நொண்டி நொண்டி வந்து, கார்டை மெஷினில் செருகினான். மெஷின் டக்கென்று அடித்தது.

“வந்துட்டேன்னு எழுதிக்கிச்சா மச்சான்?” என்றான். உதடு வெளுத்திருந்தது.

“எழுதிக்கிச்சு மாப்ளே. வா, மெதுவா வா.”

அவன் அடிபட்டது முந்தாநாள் சாயங்காலம். சூளைக்குப் போகிற கல்மாவு நெருப்பாய்ச் சுட்டுக்கொண்டு இறங்கும் கோபுரத்தில், கூம்பு ஒன்று அடைத்துக்கொண்டது. அடைப்பைக் கம்பியால் குத்தி எடுக்கிற வேலை எப்போதும் காண்ட்ராக்ட் ஆட்களுக்குத்தான். குத்திய குத்தில் மொத்தமும் பிய்த்துக்கொண்டு வந்தது. சூடேறிய மாவு தண்ணீர் மாதிரி ஓடும், ஈரம் பட்டால் இறுகிக் கல்லாகிவிடும். மற்றவர்கள் தாவிவிட்டார்கள். இவனுடைய கேன்வாஸ் ஷூவுக்குள் புகுந்துவிட்டது.

கம்பெனிக் கணக்கில் அடிபடுவது விபத்து இல்லை. அடிபட்டவன் மறுநாள் வேலைக்கு வராவிட்டால்தான் விபத்து. வந்து கார்டு அடித்துவிட்டால் பலகைக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் காலையில் ஜீப்பில் கூட்டி வந்து, கார்டு அடிக்கவைத்து, கேட் ரூமுக்குப் பின்னால் இருந்த கிடங்கில் காலிச் சாக்குக் கட்டுகளின்மேல் படுக்கவைத்தார்கள். கம்பெனி கம்பவுண்டர் வந்து மருந்து தடவிவிட்டுப் போவார். சாயங்காலம் திரும்ப ஜீப்.

“நாலே நாள்தாங்க,” என்று பாதுகாப்பு அதிகாரி வாட்ச்மேனின் தோளில் கை போட்டுச் சொல்லியிருந்தார். சாப்பிடும்போதுகூட மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றாத மனிதர். ஆலையில் அவருக்குப் பெயரே தொப்பி. “ஆயிரம் ஆகட்டும், விழா முடியட்டும். மறுநாளே பெரிய ஆஸ்பத்திரி. மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை ஆர்டர். நீங்க கொண்டாந்து விட்ட பையன். நீங்க சொன்னா கேப்பான்.”

கேட்டான். அதுதான் வாட்ச்மேனை அரித்தது.

பத்து மணிக்கு எழுத்துக்காரர் வந்தார். பத்திரிகையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதமாக கெஸ்ட் ஹவுஸில் தங்கிக் கம்பெனியின் ஐம்பது வருஷ வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், டீ மட்டும் கொஞ்சம் அதிகம். அவருக்குப் பின்னாலேயே தொப்பியும் வந்து வாசலில் நின்றார்.

“கடைசிப் பக்கந்தான் பாக்கி,” என்றார் எழுத்துக்காரர், தாள்களைப் புரட்டிக்கொண்டே. “முதல் சூளை பத்தவெச்சது, ரெண்டாவது சூளை, குவாரிக்குப் புது மெஷின் வாங்கின வருஷம், எல்லாம் முடிஞ்சுது. முடிவுல இந்தப் போர்டு. பக்கத்துல உங்க படம். இந்தச் சாதனை எப்படி வந்துது? ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

புது மெஷின் வாங்கிய வருஷம் வாட்ச்மேனுக்கு நன்றாக நினைவிருந்தது. குவாரிச் சுவர் சரிந்து மூன்று பேர் அடியில் போனார்கள். ஒரு வாரம் கடப்பாரையால் தோண்டினார்கள், அவரும் தோண்டினார். மெஷின் அதற்குப் பிறகுதான் வந்தது. புத்தகத்தில் மெஷின் மட்டும் இருந்தது.

“எல்லாரும் ஒத்துமையா, ஜாக்கிரதையா வேலை பாத்தோங்க,” என்றார். “வேற ஒண்ணும் இல்ல.”

எழுத்துக்காரர் எழுதிக்கொண்டிருக்கும்போதே கிடங்கிலிருந்து ஒரு முனகல் வந்தது. அவர் பேனாவை நிறுத்தினார்.

“பூனை,” என்றார் தொப்பி. “சாக்குக்குள்ள குட்டி போட்டிருக்கு. விரட்டினாலும் போகமாட்டேங்குது.”

எழுத்துக்காரர் சிரித்துவிட்டு மேலே எழுதினார்.

மறுநாள் 998. மத்தியானம் தங்கை சாப்பாட்டுத் தூக்கோடு கேட்டுக்கு வந்தாள். தூக்கைக் கீழே வைக்கக்கூட இல்லை.

“ராத்திரி பூரா அனத்தறாரு அண்ணே. உடம்பு கொதிக்குது. சுண்டு விரல் கறுத்துப்போச்சு. கிள்ளிப் பாத்தேன், தெரியலைங்கறாரு.”

“இன்னும் ரெண்டு நாள்மா. கம்பவுண்டர் ஊசி போட்டிருக்காரு.”

“அந்த ஆளு எங்க டாக்டருக்குப் படிச்சாரு?” அவள் பலகையைக் காட்டினாள். “அதக் கழட்டிட்டு ஒரு சைபர மாட்டு அண்ணே. ஒரு நிமிஷ வேலைதானே உனக்கு.”

“கழட்டினா என் வேலையும் போகும், மாப்ள வேலையும் போகும். புரிஞ்சுதான் பேசறியா?”

“வேலை போனா வேற வேலை பாக்கலாம். காலு போனா எங்க போய்ப் பாக்கறது அண்ணே?”

அவள் தூக்கை அவர் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். கூடப் பிறந்தவள் தன்னிடம் அப்படி நடந்து அவர் கண்டதில்லை.

999 அன்று மாப்பிள்ளையைத் தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். கார்டை அவன் கையைப் பிடித்து வாட்ச்மேனே செருகினார். கை அடுப்புமேல் வைத்த பாத்திரம் மாதிரி சுட்டது. “நாளைக்கு ஆயிரம் மச்சான். எனக்கும் ஒரு மாலை போடச் சொல்லுங்க,” என்று உளறிவிட்டுக் கண்ணை மூடினான். கம்பவுண்டர் கட்டைப் பிரித்தார். பிரித்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். நாற்றம் கேட் ரூம்வரை வந்தது.

வாட்ச்மேன் தொப்பியின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தார். இருபத்தாறு வருஷத்தில் அப்படி நுழைந்தது அதுதான் முதல் தடவை.

“வண்டிக்குச் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். தடுத்தீங்கன்னா நேரா எழுத்துக்காரர்கிட்ட போய் நிப்பேன்.”

தொப்பி எழுந்து கிடங்குக்கு வந்தார். காலைப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார்; தலை வழுக்கை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

“கூட்டிட்டுப் போங்க,” என்றார். “உள்ள ஏதாவது ஆயிட்டா எல்லாரும் மாட்டிக்குவோம். ஆனா வீட்டுல வெந்நீர் கொட்டிடுச்சுன்னு சொல்லுங்க. அப்படிச் சொன்னா லீவு எழுதலாம், போர்டுக்கு ஒண்ணும் ஆகாது.” சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, சேதி கேட்டு வீட்டிலிருந்து ஓடிவந்து நின்ற தங்கையிடமே கொடுத்தார். “நிரந்தர வேலைக்கான ஆர்டரும்மா. காலு எப்படி ஆனாலும் கேட்ல உக்காந்து பாக்கற வேலை. சாகற வரைக்கும் சோத்துக்குப் பயமில்ல. ஆலையில நடந்ததுன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, இந்தக் காயிதம் வெறும் காயிதம்.”

அவள் அதைப் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். பிறகு நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் கட்டைப் பிரித்தார். நர்ஸ் தட்டைப் பிடித்தாள். டாக்டர் இடுக்கியை எடுத்துக்கொண்டு கேட்டார்.

“எத்தனை நாளாச்சு?”

“நாலு நாள் சார்,” என்றார் வாட்ச்மேன்.

“எப்படி ஆச்சு?”

வழியெல்லாம் அவர் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வார்த்தைதான். அவர் மாப்பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார்.

“நான்தான் சார்,” என்றாள் தங்கை. “வெந்நீர் சார். அடுப்புல இருந்து எறக்கும்போது கை நழுவிடுச்சு. இவரு கீழ உக்காந்திருந்தாரு.”

“கொட்டினது நீ. நாலு நாள் வீட்டுலயே போட்டு வெச்சிருந்ததும் நீதானா?”

“ஆமாங்க சார்.”

“படிக்காதவங்கன்னா சரி, கண்ணு கூடவா தெரியாது? முதல் நாளே வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்மா. இனி முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். உன்னாலதான் இது, தெரியுதா?”

“தெரியுதுங்க சார்.” அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வாட்ச்மேன் வாயைத் திறந்தார். அவள் அவர் பக்கம் பார்க்காமலே கையை மட்டும் நீட்டி, அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

டாக்டர் திட்டிக்கொண்டே விரல் இடுக்குகளைச் சுத்தம் செய்தார். சதைக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று இடுக்கியில் வந்தது. தட்டில் போட்டார். கல்லைப் போட்டது மாதிரி ணங்கென்று சத்தம் கேட்டது. இன்னொன்றைப் போட்டார், அதுவும் அப்படித்தான் கேட்டது.