மூக்கியின் இன்னொரு வீடு

போன் அடித்தபோது அவள் யாரோ ஒரு பெரியவருக்கான மேல்வரிசைப் பற்களை மெழுகில் பதித்துக்கொண்டிருந்தாள். பல் செட் செய்யும் அந்தக் கூடத்தில் மெழுகு உருகும் வாசனையும் பாலிஷ் இயந்திரத்தின் இரைச்சலும் ஓய்வதே இல்லை. கையில் இருந்ததைக் கீழே வைக்காமல் முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"மேடம், மூக்கிக்கு ஆபரேஷன் ஆரம்பிச்சாச்சு. மயக்கம் நல்லா புடிச்சிருக்கு, மூச்சும் சீரா இருக்கு, பயப்படாதீங்க," என்றார் கால்நடை டாக்டரம்மா. "ஆனா வயித்தத் தொறந்து பாத்தா ரெண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, உங்க முயல் சினையா இருக்கு."

"அதெப்படி டாக்டர்? அது எங்க வீட்ல ஒத்தையா வளருது. வேற முயலக் கண்ணால பாத்ததே இல்ல."

"பாக்காம ஆகாதே மேடம்," என்றார் டாக்டரம்மா, சிரிக்காமல். "ரொம்ப ஆரம்பம். ஒவ்வொண்ணும் பட்டாணி அளவுதான். அதான் போன வாரம் தொட்டுப் பாத்தப்போ எனக்கே தெரியல. இன்னொண்ணு, கர்ப்பப்பையில ஒரு பக்கம் கட்டி இருக்கு. சின்னதுதான், இன்னும் பரவல. ஆனா விட்டு வச்சா உசுருக்கே ஆபத்து. முழுசா எடுத்துடணும். குட்டிங்களும் அதோட போயிடும். நீங்க சரின்னு சொன்னாத்தான் மேல செய்ய முடியும்."

"எடுத்துடுங்க. மூக்கி பொழைச்சாப் போதும்," என்றாள். போனை வைத்த பிறகுதான் அடுத்த எண்ணம் மெல்ல ஊர்ந்து வந்தது. மூக்கி வெளியே போவது சனிக்கிழமைகளில் மட்டும். அதுவும் கணவனோடு.

அவன் லிப்ட் மெக்கானிக். அவளைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் அவனுக்கு ஒரு குடும்பம் இருந்தது. அது முறிந்து, கோர்ட் ஏறி, ஒரு வழியாக ஓய்ந்தபோது, மகளைச் சனிக்கிழமை மதியம் பார்க்கலாம் என்று முடிவானது. பார்க்கில் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு வாரமும் போவான். பாப்பாவுக்கு முயல் என்றால் உயிர் என்று மூக்கியையும் கூடையில் எடுத்துக்கொள்வான். சில மாதங்களுக்கு முன்னால், "பாப்பாவும் அடம்புடிச்சு ஒரு முயல் வாங்கிட்டா, அதுவும் பொட்டைதானாம்," என்று சிரித்துக்கொண்டே சொன்னதும் அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. அந்த முயலைப் பார்க்குக்குத் தூக்கி வந்ததாக அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படியானால் அது பொட்டையே இல்லை, மூக்கிதான் அங்கே போயிருக்கிறது. அந்த வீட்டுக்குள். கூடையைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, இரண்டு முயல்களும் ஓடி விளையாடும் அளவுக்கு ஆற அமர உட்கார்ந்திருக்கிறார்கள்.

மெழுகில் ஒரு பல் கோணலாக இறங்கியிருந்தது. பிடுங்கி மறுபடி வைத்தாள். மறுபடியும் கோணல்தான்.

அவனுடைய முதல் மனைவியை அவள் நேரில் பார்த்ததில்லை. நீச்சல் சொல்லித்தருகிறவள் என்று மட்டும் தெரியும். அந்த ஒரு தகவலை வைத்துக்கொண்டே அவள் மனசுக்குள் ஒரு ஆளை உண்டாக்கி வைத்திருந்தாள். உயரம், அகலத் தோள், ஈரம் சொட்டும் கூந்தல், எதற்கும் அலட்டிக்கொள்ளாத சிரிப்பு. அவன் ஒருநாள்கூட அவளைப் பற்றிக் குறை சொன்னதில்லை. நாலு வார்த்தை திட்டித் தீர்த்திருந்தாலாவது இவளுக்கு வயிறு குளிர்ந்திருக்கும். மூக்கியும் சேர்ந்தே துரோகம் செய்திருக்கிறது. கைக்குள் அடங்குகிற குட்டியாக வந்ததை, சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டி வளர்த்தவள் இவள். அதுவோ அவன் ஷூவின் மேல்தான் தலை வைத்துத் தூங்கும். சமீபமாக இவள் கையைக் கடிக்கவும் உறுமவும் ஆரம்பித்திருந்தது. அந்தக் குணம் அடங்கட்டும் என்றுதான் இந்தக் கருத்தடை ஆபரேஷனே.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கூடைக்காகக் காத்திருந்தபோது அவன் வேலை உடுப்போடு, கையில் கிரீஸ் கறையோடு ஓடி வந்தான். டாக்டரம்மா சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். எதையும் கூட்டவில்லை. அவன் முகம் வெளிறிப் பிறகு சிவந்தது.

"ஒரு நாள் செம மழை," என்றான். "பாப்பா நனைஞ்சுட்டா. உள்ள வாங்கன்னு சொன்னாங்க. அப்புறம் அப்படியே..."

"அப்படியே அந்த வீட்டுக்குள்ள வாராவாரம் மழையா?"

"நீ நெனைக்கற மாதிரி ஒண்ணுமில்ல. பாப்பா வீட்டுப்பாடம் பண்ணுவா. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். முயல் ரெண்டும் ஓடும். அவ்வளவுதான். அது கடுவன்னு யாருக்குமே தெரியல. கடைக்காரன் பொட்டைன்னு சொல்லித்தான் குடுத்தான்."

"முயல் பேச்சா நான் பேசறேன்?"

இதைவிட அவன் வேறு எதையாவது ஒப்புக்கொண்டிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். ஒரு பெண் குழந்தை வீட்டுப்பாடம் எழுத, ஒருத்தி துணி மடிக்க, ஒருத்தன் சும்மா உட்கார்ந்திருக்கிற சனிக்கிழமை மதியத்தின் மேல் எந்தக் குற்றத்தைச் சுமத்துவது? பொய் சொல்லி ஒளித்துவைக்கும் அளவுக்கு அது அவனுக்கு இனித்திருக்கிறது.

மறுநாள் இருவரும் லீவு போட்டார்கள். மூக்கி துண்டு விரித்த மூலையில் முதுகைக் குவித்து உட்கார்ந்திருந்தது. புல்லைத் தொடவில்லை. தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஓயாமல் துடிக்கும் அந்த மூக்குகூட அசையாமல் இருந்தது. ஊசியில்லாத சிரிஞ்சில் கூழைக் கரைத்து வாயோரம் வைத்தாள். மோவாய் வழியே வழிந்தது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டபோது, "முயலுக்குக் குடல் நிக்கவே கூடாது மேடம். சாயங்காலத்துக்குள்ள கொஞ்சமாவது திங்கணும். இல்லேன்னா தூக்கிட்டு வந்துடுங்க," என்றவர் சற்று யோசித்துவிட்டு, "அதுக்குப் பழகின துணை இருந்தா, அது திங்கறதப் பாத்து இதுவும் திங்கும். ஆனா சேர்த்து விட்டுடாதீங்க, தையல் பிரிஞ்சுடும். நடுவுல கம்பி வலை இருக்கணும்," என்றார்.

அவன் எதிரே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் கையை நீட்டினாள். "போனக் குடு."

அந்த எண் "பாப்பா வீடு" என்று இருந்தது. அதற்குச் சற்றுக் கீழே தன் எண் வெறும் "வீடு" என்று இருப்பதையும் பார்த்தாள். அதில் சந்தோஷப்படுவதா, ஆத்திரப்படுவதா என்று தெரியவில்லை. மணி அடித்ததும் எடுத்துவிட்டார்கள். தான் யார் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை.

"நான்... மூக்கியோட வீட்லேருந்து பேசறேன்," என்றாள்.

"மூக்கியா? யாரு..." என்றது எதிர்முனையில் ஒரு பெண் குரல். "ஐயோ, டீச்சரா! டீச்சருக்கு என்ன ஆச்சு?"

அவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். அவளுக்குக் காது மடல் சூடாயிற்று. ஆனாலும் நடந்ததைச் சொன்னாள். "முடிஞ்சா உங்க முயலக் கொண்டுவர முடியுமா?" என்று கேட்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் நினைத்துவைத்திருந்த ஆள் வரவில்லை. குள்ளமாக, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, பள்ளி உடுப்பைக்கூட மாற்றாத மகளோடும் ஒரு கம்பிக் கூண்டோடும் ஒருத்தி மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். "லிப்ட் ஓடல," என்றாள், முதல் வார்த்தையாக. லிப்ட் மெக்கானிக் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தான். வந்தவளின் முன்பல் ஒன்று கட்டியது என்பதும், அதன் நிறம் பக்கத்துப் பல்லோடு ஒட்டவில்லை என்பதும் இவளுடைய தொழில்கண்ணுக்கு உடனே பட்டுவிட்டது. அதில் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

"ஏன் டீச்சர்ன்னு பேரு?" என்று பாப்பாவிடம் கேட்டாள்.

"முறைச்சுப் பாத்துக்கிட்டே இருக்கும் ஆன்ட்டி. வீட்டுப்பாடம் முடிக்கற வரைக்கும் விடாது."

கூண்டை மூக்கியின் பக்கத்தில் வைத்தார்கள். உள்ளே பழுப்பு நிறத்தில், ஒரு காது சாய்ந்த கடுவன், நடந்த எதையும் அறியாத முகத்தோடு. இரண்டு பெண்களும் தரையில் உட்கார்ந்தார்கள், நடுவில் பாப்பா. "டீச்சரம்மா," என்று வந்தவள் மெல்லக் கூப்பிட, அதுவரை துவண்டு கிடந்த மூக்கியின் காது ஒன்று அந்தப் பக்கம் திரும்பியது. காலையிலிருந்து இவள் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. போகவில்லை.

அவன் காபி போட்டு எடுத்து வந்தான். முதல் கோப்பையை வந்தவளிடம் நீட்டினான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். சர்க்கரை எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இவள் அதைப் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். சமையலறைக்குத் திரும்பியவன் அங்கேயே தங்கிவிட்டான். பாத்திரம் கழுவுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

"சனிக்கிழமை வர்றது உங்களுக்குத் தெரியும்னுதான் நெனைச்சேன்," என்றாள் வந்தவள், முயலைப் பார்த்தபடியே.

"தெரியாது."

"சொல்லியிருக்கணும் அவர்."

"ஆமா."

பாப்பா ஒரு கொத்தமல்லித் தண்டை எடுத்துக் கம்பி வழியாக உள்ளே நீட்டினாள். கடுவன் அதன் ஒரு நுனியைக் கவ்விக் கறுக் கறுக்கென்று மெல்ல ஆரம்பித்தது. மறுநுனி வலைக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது. மூக்கி கழுத்தை நீட்டியது. உடம்பை இழுத்துக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது. மூக்கு ஒருமுறை துடித்தது, நின்றது, பிறகு விடாமல் துடிக்கத் தொடங்கியது. ஆடிய நுனியை மெதுவாகக் கவ்வியது.

பாப்பா கத்துவதற்காக மூச்சை உள்ளே இழுத்தாள். அந்த நொடியில் இரண்டு பெண்களின் கைகளும் ஒன்றாகப் பாய்ந்து அந்த வாயைப் பொத்தின. அம்மாவின் கை கீழே, இவளுடைய கை அதன் மேலே. நீச்சல்குளத்துக் குளோரினும் குளிரும் பட்டுத் தோல் உரிந்து சொரசொரத்த கை அது. விரலிடுக்கு வழியே குழந்தையின் சிரிப்பு சூடாகக் கசிந்தது. யாரும் அசையவில்லை. கையை முதலில் எடுப்பது தானாக இருக்கக் கூடாது என்று இவள் நினைத்துக்கொண்டாள். அந்தக் கையும் விலகுவதாக இல்லை. கம்பியின் இரு பக்கமும் தண்டு குட்டையாகிக்கொண்டே வந்தது.