பென்சிடின் பொடி

விடியும் முன்பே சல்லடையறை இரையத் தொடங்கிவிடும். உலர்ந்த பென்சிடினை அக்கா அள்ளிக் கொட்டுவாள். பொடி எழும்பி இமையிலும் நாக்கிலும் படியும். முகத்துக்குக் கிழிந்த துணிதான் காப்பு. ரத்தக்கறையைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடங்கள் வாங்கும் பொடி அது. எனக்குச் சோதனை மேசையில் வேலை. ஊசியால் விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைத் தண்ணீரில் கலந்து, பொடிக் கரைசல் அதை நீலமாக்குகிறதா என்று பார்ப்பேன். நீலமானால் டப்பாவுக்கு முத்திரை. பன்னிரண்டு வருஷமாக என் ரத்தம் உறுதி சொல்லித்தான் கம்பெனிச் சரக்கு விலைபோனது.

ஒரு மாதமாக அக்கா அடிக்கடி கழிப்பறைக்கு ஓடினாள். கேட்டால் எரிந்து விழுந்தாள். இன்று என் தோளில் சாய்ந்து, "ஒண்ணுக்கு சிவப்பாப் போகுதுடி. சொன்னா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க" என்றாள். பாவி, என்னிடம்கூடவா மறைப்பாள்?

அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி முதலாளியிடம் போனோம்.

"ரத்தம்னு யாரு சொன்னது? உடம்புச் சூடும்மா. தண்ணி நிறையக் குடி."

"பொடியாலதாங்க. தினமும் இதைத்தானே மூச்சா இழுக்கிறோம்" என்றேன்.

"கம்பெனி மேல பழி போடாதே. முடியலைன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

நான் வாதாடவில்லை. அக்காவின் சிறுநீரைக் குப்பியில் கொண்டுவந்து, அவர் மேசைமேலேயே கரைசலை விட்டேன். நீலம் படர்ந்தது. அக்கா முகத்தை மூடிக்கொண்டாள்.

"இந்தப் பொடியை நம்ப முடியாது" என்றார்.

"அப்போ நேத்து அனுப்பின இருநூறு டப்பாவையும் திருப்பி வாங்கிக்கிறீங்களா?"

அவர் குப்பியை மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

மத்தியானத்துக்குள் சோதனை மேசையில் பதினெட்டுக் குப்பிகள் சேர்ந்துவிட்டன. வெட்கத்தை விட்டு எல்லோரும் கொண்டுவந்திருந்தார்கள். "பாத்துக்கம்மா, இதுக்கும் முத்திரை குத்தி வித்துடப் போறாங்க" என்றார் சல்லடை ஓட்டும் அண்ணன். ஒவ்வொன்றிலும் சொட்டு விட்டேன். ஆறு நீலமாயின. முதலாவது அக்காவுடையது, ஐந்தாவது என்னுடையது. ஒளிக்க என்ன இருக்கிறது, வாய்விட்டு அழுதோம்.

முதலாளி வாசலில் வந்து நின்றார். "மத்த பன்னெண்டு பேரும் வேலையைப் பாருங்க. உங்களுக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

அண்ணன் போய்ச் சல்லடை இயந்திரத்தை நிறுத்தினார். "எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் இது ஓடாது."

"உனக்கென்னய்யா வந்தது? உன் குப்பி நீலமாகலையே."

"இன்னும் ஆகலைங்க. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மற்ற பதினொரு பேரும் வந்தார்கள். இடம் போதவில்லை, நெருக்கி உட்கார்ந்தோம்.