டபிள்யூவைத் தொட்ட விரல்

டூவூம்பா ஊரில், மனம் உடைந்தவர்களோடு கம்ப்யூட்டரில் எழுதிப் பேசும் உதவி மையத்தில் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, கெரிலினின் இடது கை வில்லங்கம் பண்ண ஆரம்பித்துவிட்டது.

இதற்கு முன் கம்பெனி ஒன்றின் சர்வர் அறையில், கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரை முன்னால் காலமெல்லாம் குப்பை கொட்டியவள். அங்கே கண்ட்ரோல் விசையோடு டபிள்யூவைச் சேர்த்து அழுத்தினால் கடைசியாக அடித்த சொல் மட்டும் அழியும். பிரௌசரிலோ அதே பாழாய்ப்போன அழுத்தல் திறந்திருக்கும் பக்கத்தை, அந்த டேபையே மூடித் தொலைக்கும். எந்தப் புண்ணியவான் செய்த ஏற்பாடோ! விரலுக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது?

அன்று மத்தியானம் மெர்வின் என்ற மாட்டுப் பண்ணைக்காரர் எழுதினார். மழை இல்லை, மந்தையை விற்றாயிற்று, மனைவியும் போய்விட்டாள்.

"எல்லாரும் பாதியிலயே விட்டுட்டுப் போறாங்க. இன்னிக்கு ராத்திரிய நெனச்சா எனக்கே பயமா இருக்கு."

கெரிலின் பதில் அடித்தாள். அடித்த சொல் அவளுக்கே பிடிக்கவில்லை. அதை அழிக்க விரல் பழக்கத்தில் டபிள்யூவுக்குப் போயிற்று. டேபைக் காணோம்.

"ஐயோ, போச்சு!"

பக்கத்து மேசை நோலீன் எட்டிப் பார்த்தாள். "மறுபடியுமா? உன் விரலைக் கட்டித்தான் போடணும், கண்ணு."

"விளையாடாத நோலீன். அவர் பயந்துபோய் உட்கார்ந்திருக்கார். நம்பரைக் கொடு, கூப்பிடறேன்."

"நம்பர் ஏது? பேரைத் தவிர எதையும் கேக்கறதில்லன்னு சொல்லித்தானே உன்னைச் சேர்த்தோம்? அவரா திரும்பி வந்தாத்தான் உண்டு. வந்தா உனக்கே தள்ளிவிடறேன்."

மூடிய டேபை மறுபடி திறந்து பார்த்தாள். வெறும் வரவேற்புப் பக்கம்தான் வந்தது. இவளும் விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றுதானே நினைப்பார்? பாவி விரலே! இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

திரையில் யார் யாரோ வந்தார்கள். அவர்களோடு நோலீனே பேசினாள். மெர்வின் வரவில்லை. கெரிலினின் டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

கடைசியில் திரையில் அந்தப் பெயர் வந்தது.

"நீயும் போயிட்டேன்னு நெனச்சேன்."

ஒற்றைக் கையால் தட்டுத்தடுமாறி அடித்தாள். "போகல. ஒரு வார்த்தைய அழிக்கப் போனேன், இந்தப் பக்கமே மூடிக்கிச்சு. மன்னிச்சுக்குங்க."

அனுப்பிவிட்டு இடது கையை இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.

"அப்படி என்ன வார்த்தை?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "'பயப்படாதீங்க'ன்னு அடிச்சேன். எனக்கே பயமா இருந்துச்சு. அதான் அழிச்சேன்."

"உனக்குமா?"

"ஆமா."

"சரி, அப்ப போயிடாத. நானும் இங்கயே இருக்கேன்."