சின்னச் சட்டி

…இன்றைக்காவது பயற்றங்காய் கிடைத்ததே, போன வெள்ளி முழுக்கக் கத்தரிக்காய், அதற்கும் அவர் நல்லாயிருக்கு என்றுதான் சொன்னார், உப்பே போடாத கறியில் என்ன நல்லாயிருக்கும் என்று கேட்க வாய் வரும், கேட்கமாட்டேன். பெரிய சட்டி கோயிலுக்கு வரும் எல்லாருக்கும், சின்னச் சட்டி அன்புராசாவுக்கு, இரண்டு வருடமாக இந்த ஸ்காபரோ மடப்பள்ளியில் அப்படித்தான். இருபத்தாறு வயதில் ஊரில் நாச்சிமார் கேணியில் குளிக்கப் போனவர், தண்ணீருக்குள் நின்ற ஏழு பெண்கள் நீட்டிய உப்பில்லாப் பாற்சோற்றில் ஒரு பிடி உண்டிருக்கிறார், கரையேறி வீட்டுக்கு வந்தால் மூன்று வருடம் போய்விட்டதாம். அன்றிலிருந்து நாவில் உப்புப் பட்டால் போதும், காதுக்குள் சலங்கை கேட்கும், கால் தன்பாட்டில் நடக்கும். கனடா வந்த புதிதில், தொண்ணூற்றொன்றில், பிக்கரிங்கில் ஒரு பிறந்தநாள் வீட்டில் யாரோ வற்புறுத்தி ஒரு இறைச்சி றோல்ஸ் தின்னக் கொடுத்தார்கள், இரண்டு நாள் கழித்து ஏரிக்கரையில் கண்டுபிடித்தார்கள், மாசிமாதப் பனிக்குள், மேற்சட்டை இல்லாமல், கையில் ஈரம் காயாத தாமரையோடு… நம்பினேனா? தெரியாது. அன்னதானப் பந்தியில் ஒரு மனிதர் வெறும் தண்ணீரோடு சிரித்துக்கொண்டு இருந்ததைக் கண்டேன், அதற்கு நம்பிக்கை எதற்கு, ஒரு சின்னச் சட்டி போதாதா? பிறகு அவருக்கு விடுதலை கிடைக்கும்வரை நானும் உப்புத் தொடமாட்டேன் என்று அம்மனுக்கு நேர்ந்தேனே, பதினொரு மாதம் ஆகிறது, அது வெறும் இரக்கம் இல்லை என்று அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

மணி அடித்தது, படைத்து முடிந்தது, பந்தி தொடங்கிவிட்டது, இன்றைக்குத்தான் முதல்முறை உதவிக்கு வந்த புனிதவதி அன்ரி வெறும் வாளியோடு திரும்பி வந்து, “பிள்ளை யோகராணி, சின்னச் சட்டிக்கு உப்புப் போட மறந்திட்டீர், நான் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டன்” என்கிறா, முகமெல்லாம் சிரிப்பு, எவ்வளவு நல்ல மனுசி… படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது, நானும் பார்க்கவில்லை, ஐயோ அம்மா, வெளியே பனி கொட்டுகிறது, அவர் எழும்பிவிட்டாரா, எந்தக் கதவால் போவார், ஏரி எந்தப் பக்கம்? கரண்டியோடு ஓடினேன். சுவரோரம் சம்மணம் கட்டி இருந்தார், தட்டில் பாதிச் சோறு முடிந்திருந்தது. “சலங்கை கேக்குதா?” என்றேன், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைச் சரித்துக் கேட்டார். “இல்லை… பின்னால கார் திருத்துற கடைக்காரன் தட்டுறதுதான் கேக்குது.” “கால்?” “விறைச்சுப் போச்சு, யோகம். கனநேரம் நிலத்தில இருந்திட்டன்.” பிறகு இன்னொரு வாய் வைத்தார், மெல்ல மென்றார், கண் அகன்றது. “உதுக்குப் பேர்தான் கறியா? இவ்வளவு நாளும் என்னத்தைத் தந்தனீங்கள் எனக்கு?”

சிரித்தேன், அழுதுகொண்டும் சிரித்தேன், அன்ரி “ஏன் பிள்ளை ஓடி வந்தனீர், கறிக்குள்ள பல்லி கில்லி விழுந்ததோ?” என்று கேட்க இன்னும் சிரித்தேன், அவர் ஊறுகாய் கேட்கிறார், மோர்மிளகாய் கேட்கிறார், கருவாடு என்றும் சொல்லிவிட்டார், “கோயிலுக்க இருந்துகொண்டு கருவாடோ!” என்று அன்ரி அடிக்காத குறை. என் நேர்த்தியா, அன்ரியின் ஒரு கையா, ஏழு பேருக்கும் இரக்கம் வந்ததா, எதுவாய் இருந்தால் என்ன… இனி இவர் யார் வீட்டிலும் உண்ணலாம், மோர்னிங்சைட் வீதியில் எந்தக் கடைக்குள்ளும் நுழையலாம், வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கத் தேவையில்லை, என்னைத் தேடி வரத் தேவையே இல்லை. இந்த நினைப்பு ஏன் இவ்வளவு தயாராக நெஞ்சுக்குள் கிடந்தது? அம்மனிடம் கேட்ட ஒவ்வொரு நாளும் பாதி மனம் வேண்டாம் என்றும் கேட்டதா? அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். “இருங்கோவன், நீங்களும் சாப்பிடுங்கோ. வாற வெள்ளி வெள்ளனவே வாறன், நான் வெட்டித் தாறன், நீங்கள் காய்ச்சுங்கோ.” இருந்தேன். அவர் தட்டிலிருந்தே ஒரு பயற்றங்காயை எடுத்து வாயில் வைத்தேன், அன்ரி அள்ளித்தான் போட்டிருக்கிறா, நாக்கு எரிந்தது. கறிக்காகவா வாறீங்கள் என்று கேட்டுவிடலாம்போல இருந்தது. என்ன சொல்வாரோ என்ற பயம் வரவில்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை…