பரங்கிக் கொடி

கல்லல் பக்கத்து நாடகங்களில் இருபது வருடமாக ராஜா வேடம் கட்டும் நாகநாதனுக்கு ஒரே ஒரு மனக்குறை. மேடையில் வெள்ளைக்காரனை வெளுத்து வாங்குவார். அதைக் கேட்க எதிரே ஒரு வெள்ளைக்காரன்கூட இருந்ததில்லை. எல்லாம் நம்ம ஊர்ச் சனம், அதிலும் பாதி தூக்கம்.

அந்தக் குறையும் ஒரு நாள் தீர்ந்தது. கானாடுகாத்தானில் ஓட்டலாகிவிட்ட ஒரு பெரிய வீட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். இங்கிலாந்திலிருந்து ஒன்பது பேர் வந்திருக்கிறார்களாம். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கால் மணி நேரம் ராஜா பேச வேண்டுமாம். ஓட்டல் கைடு சிவரஞ்சனி அதை இங்கிலீஷில் சொல்வாளாம். இதைவிட என்ன வேண்டும்? ஒரு வெள்ளைக்கார முகமாவது சுருங்கிப் போவதைப் பார்த்துவிட வேண்டும் என்று கிரீடத்தை அழுத்தி வைத்துக்கொண்டு போனார்.

முற்றத்தில் நின்று வாளை உருவினார். "குடிமக்களே! பரங்கிக் கொடியை நம் மண்ணில் ஊன்ற விடாதீர்! இன்று வேலியில் ஏறும், நாளை கூரையில் ஏறும், மறுநாள் கோட்டையையே மூடும்! வேரோடு பிடுங்குங்கள்!"

சிவரஞ்சனி சொல்லி முடித்ததும் ஒன்பது பேரும் சிரித்தார்கள். நாகநாதன் திகைத்துப் போனார். குரலை உயர்த்தினார், இன்னும் சிரித்தார்கள். ஒரு கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டினாள். திட்டு வாங்கிக்கொண்டு கைதட்டுகிற சனத்தை அவர் பார்த்ததே இல்லை. வாளை உறையில் போடுவதா வேண்டாமா என்றுகூடப் புரியவில்லை.

அவர்கள் சாப்பிடப் போனதும் சிவரஞ்சனியை மறித்தார். "என்ன தாயி சொன்னே? எதுக்கு அப்படிச் சிரிக்கிறாக?"

"நீங்க சொன்னதைத்தாண்ணே சொன்னேன். பரங்கிக்காய்க் கொடியை ஏத்தி விடாதீக, வீட்டையே மூடிரும்னு. ராஜாவுக்குப் பரங்கிக்காய் மேல அப்படி என்ன கோவம்?"

"அடிப்பாவி மகளே! பரங்கின்னா வெள்ளைக்காரன். கொடின்னா அவன் கம்பத்துல பறக்குறது!"

அவள் முகம் வெளிறிவிட்டது. "இப்பப் போயி மாத்திச் சொன்னா, விருந்தாளியைத் திட்டிட்டேன்னு என் வேலையே போயிரும்ணே."

வேலை போனால் போகட்டும், ராஜா வார்த்தை ராஜா வார்த்தைதான் என்றது ஒரு மனசு. பாவம், சின்னப் பிள்ளை என்றது இன்னொன்று. தவித்துப் போனார். கடைசியில், அவளை இழுக்காமல் தானே கையைக் காலை ஆட்டியாவது விளக்கிவிடுவது என்று சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தார்.

சமையல்கார ராக்காயி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னத்தண்ணே சொல்லித் தொலைச்சீக? பரங்கிக்காய்க் கூட்டை ஒருத்தரும் தொடல!"

எட்டிப் பார்த்தார். ஒன்பது இலையிலும் கூட்டு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. அவரைக் கண்டதும் ஒன்பது பேரும் எழுந்து நின்றார்கள். அந்தக் கிழவி இலையைக் காட்டி, நெஞ்சில் கை வைத்து, ராஜாவுக்குத் தலை குனிந்தாள்.

இருபது வருடத்தில் அவர் பேச்சைக் கேட்டு நடந்தவர்கள் இவர்கள்தான். ஜெயித்தோமா தோற்றோமா என்று நாகநாதனுக்குச் சத்தியமாக விளங்கவில்லை.

"உக்காருங்க... உக்காந்து சாப்பிடுங்க" என்றுதான் வாயில் வந்தது.