போவதற்கு முன்பே எழுதிய ஆறு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துக் கேட்டால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? இந்தக் கதையை நான் ஆற்றுக்குப் போய்வந்து எழுதவில்லை. எழுதி முடித்துவிட்டுத்தான் ஆற்றுக்குப் போனேன்.

பழி முழுவதும் பத்திரிகை ஆசிரியருடையது. "ஒரு குடும்பம் சந்தோஷமாக ஆற்றங்கரைக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறது, அவ்வளவுதான் சார் கதை" என்று போனில் சொன்னேன்.

"பிரமாதம். திங்கட்கிழமை காலையில கைக்கு வந்துடணும்" என்றார். "ஆனா ஒண்ணு. கடைசியில ஏதாவது நடக்கணும். போனாங்க, வந்தாங்கன்னு இருந்தா யாரு சார் படிப்பா?"

நாங்கள் போவதாக இருந்ததே சனி, ஞாயிறு. பகலெல்லாம் மருந்துக் கடையில் நின்று மற்றவர்கள் கிறுக்கியதைப் படிப்பவன் நான். திரும்பி வந்த களைப்போடு உட்கார்ந்து எழுதினால் உருப்பட்ட மாதிரிதான். அதனால் வியாழக்கிழமையே எழுதிவிட்டேன். சாப்பிடுவதற்கு முன்பே ஏப்பம் விட்ட கதைதான். ஆனால் அப்போது அது புத்திசாலித்தனமாகப் பட்டது.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"ஆறு ஒரு வெள்ளிச் சரிகை போல—" (சரிகையாவது, மண்ணாவது.)

"அது ஒரு சனிக்கிழமை. வானம்—" (வானத்தை விட்டால் எனக்குக் கதையே வராதா?)

"காரில் நான்கு பேர் இருந்தார்கள்." (இது தேவலை. வைத்துக்கொள்வோம்.)

2

காரில் இருந்த நான்கு பேரைப் பற்றி.

ஓட்டியது மச்சான், என் மனைவியின் தம்பி. எங்களோடுதான் இருக்கிறான். வேலை, ரோடு ரோலர் ஓட்டுவது. அதே பொறுமையோடு காரையும் ஓட்டுவான். வழியில் எங்களை முந்திக்கொண்டு போகாதவர்கள், நின்றுகொண்டிருந்தவர்கள் மட்டும்தான்.

அவன் பக்கத்தில் என் மனைவி. லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் அவளுக்குத்தான் போன் வரும். என் பழைய கதை ஒன்றில் பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருவர் காதல் வயப்படுவார்கள். அதைப் படித்துவிட்டு, "ஏங்க, லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே மாட்டாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டுவாங்க" என்றாள். விமர்சனம் என்றால் அது.

பின் சீட்டில் நான். என் தோளில் சாய்ந்து கொட்டாவி விட்டபடி எங்கள் மகள், பத்து வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் சென்சார்.

[பெயர்க் காரணம்: எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கதை எழுதினாலும், வெளியே அனுப்புவதற்கு முன் சாப்பாட்டு மேசையில் வாசித்துக் காட்ட வேண்டும். கேட்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியத்தை அடித்துவிட உரிமை உண்டு. ஏன் என்று நான் கேட்கக் கூடாது. மற்ற இருவரும் சில சமயம் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். இவள் விடவே மாட்டாள். ஒருமுறை நான் உயிரைக் கொடுத்து எழுதிய மழையை ஒரே கோட்டில் அடித்துவிட்டாள். "இவ்ளோ மழை பெஞ்சா அந்தப் பூனை எங்க போய் நிக்கும்?" என்றாள். மழை போயிற்று.]

3

வெள்ளிக்கிழமை மேசையில் வாசித்தேன்.

"கார் காற்றாகப் பறந்தது" என்ற இடத்தில் மச்சான் கையை நீட்டினான். "அத்தான், இதை அடிச்சிடறேன். நான் ஓட்டுற வண்டி பறந்துச்சுன்னு வெளியில தெரிஞ்சா என் பேரு என்னாகுறது?" அடித்தான்.

"அவள் தன்னை மறந்து பாடினாள்" என்ற வரியை என் மனைவி அடித்தாள். "நான் எப்பங்க பாடினேன்? ஆபீஸ்ல ஒருத்தனும் நம்ப மாட்டான்."

கடைசிப் பக்கம். இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் மகளுக்குத் தரை தெரியாத தண்ணீர் பிடிக்காது. வாளித் தண்ணீர் சரி, குளியலறைத் தொட்டி சரி. காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஒரு விரல்கூட வைக்க மாட்டாள். பள்ளியில் நீச்சல் வகுப்பு நடக்கும்போது கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் துண்டுகளைப் பார்த்துக்கொள்வாள். அந்தப் பொறுப்பை அவளாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று டீச்சர் சொன்னார். ஆசிரியர் கேட்டபடி கடைசியில் ஏதாவது நடக்க வேண்டும் அல்லவா? நான் நடத்திவிட்டேன்:

"கண்களை இறுக மூடிக்கொண்டு, ஒரே மூச்சில், அவள் ஆற்றுக்குள் குதித்தாள்."

வாசித்து முடித்ததும் சென்சார் தாளைக் கேட்டு வாங்கினாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பேனாவை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"ஒண்ணும் இல்லப்பா. நல்லா இருக்கு."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என் கதை சென்சாரைத் தாண்டிவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமைப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

(மருந்துச் சீட்டில் எந்தக் கிறுக்கலையும் படித்துவிடுவேன். வீட்டில் இருப்பவர்களின் முகத்தைப் படிப்பது வேறு வேலை.)

4

ஆற்றங்கரை வீடு நான் எழுதியதைவிடச் சின்னது. இரண்டு அறை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, திறந்தால் முதலில் இருமிவிட்டுப் பிறகு தண்ணீர் விடுகிற ஒரு குழாய். நான் படகு எழுதியிருந்தேன். படகு இல்லை. ஆறு மட்டும் இருந்தது. கரையோரம் கூழாங்கல் தெரிகிற தண்ணீர், கொஞ்சம் தள்ளிப் போனால் அடி தெரியாத பச்சை. அந்தப் பச்சைக்குள் நீட்டிக்கொண்டு ஒரு தட்டைப் பாறை.

இறங்கியதும் மனைவி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றம் முழுவதும் நடந்தாள். சிக்னல் இல்லை. ஒரு நிமிஷம் அதிர்ச்சியோடு நின்றாள். அப்புறம் போனை ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு, பாயை உதறி மரத்தடியில் விரித்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிப் போனாள். எறும்பு கடிக்கிறவரை தூங்கினாள். கல்யாணமானதிலிருந்து அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

மச்சானுக்கு என் கதை அட்டவணை ஆகிவிட்டது. "அத்தான், கதைப்படி இப்ப என்ன?"

"இப்ப எல்லாரும் தண்ணியில இறங்கிச் சிரிக்கணும்."

"சிரிப்பெல்லாம் சொன்னா வராதுங்க" என்றாள் மனைவி, எறும்பைத் தட்டிவிட்டபடி. "நீங்க முதல்ல இறங்குங்க, பார்ப்போம்."

இறங்கினேன். பாசி வழுக்கி, பேண்டோடு தண்ணீரில் உட்கார்ந்தேன். அது எழுதியதில் இல்லை. சிரிப்பு மட்டும் எழுதிய நேரத்துக்குச் சரியாக வந்தது. மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது சென்சார்தான், கால்விரல் நனையாத தூரத்தில் நின்றுகொண்டு.

சாயங்காலம் ரொட்டியும் அவித்த முட்டையும் தின்று முடித்தோம். மனைவி தட்டுகளை ஆற்றோரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்டது. எட்டிப் பார்த்தேன். பாடிக்கொண்டிருந்தாள். சுதி எங்கேயோ, குரல் எங்கேயோ. ஆனால் தன்னை மறந்து, தட்டில் தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். நான் சத்தம் போடாமல் நின்று கேட்டேன். அவள் அடித்த வரி அது. எழுதி வைத்த படகைக் காணோம், அடித்துப் போட்ட பாட்டு வந்துவிட்டது.

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

5

தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முடிவு உறுத்தியது. வேறு என்னென்ன முடிவு உண்டு?

ஒன்று: பெண் தவறி விழுகிறாள், அப்பா பாய்ந்து காப்பாற்றுகிறார். (ஆசிரியர் துள்ளிக் குதிப்பார். எனக்கு நீந்தத் தெரியாது என்பது வேறு விஷயம். இதை மேசையில் வாசித்தால் மனைவி என்னை வீட்டைவிட்டுத் துரத்துவாள்.)

இன்னொன்று: பெண் குதிக்கவில்லை. எல்லோரும் மிச்ச முட்டையைத் தின்றுவிட்டு வீடு திரும்புகிறார்கள். (போனாங்க, வந்தாங்க.)

எழுதியிருந்ததையே மறுபடி படித்தேன். அதில் வருகிற பெண்ணுக்கு முதல் பக்கத்தில் பயம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இல்லை. நடுவில் எங்கே போயிற்று? தேடினேன். கடைசிப் பக்கம் வந்துவிட்டதால் போயிற்று, அவ்வளவுதான். இந்தப் பெண்ணை நான் நம்பவில்லை. பயத்தை அவளிடமிருந்து பிடுங்கிய ஆள்—

(தூக்கம் வந்துவிட்டது. அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். அந்த ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியும்.)

6

ஞாயிறு காலை எழுந்தபோது பக்கத்துப் பாய் காலி.

வெளியே வந்தேன். தட்டைப் பாறையின் நுனியில் சென்சார் நின்றுகொண்டிருந்தாள். குளிக்கிற உடுப்பு, தலையை இறுக்கிக் கட்டியிருந்தாள். ஏதோ முணுமுணுத்தாள். மந்திரம் சொல்கிற மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னாள். பக்கத்தில் போனதும் கேட்டது.

"கண்களை இறுக மூடிக்கொண்டு, ஒரே மூச்சில், அவள் ஆற்றுக்குள் குதித்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டு, ஒரே மூச்சில்..."

என் வாக்கியம் யாருக்காவது மனப்பாடம் ஆக வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன்.

"என்னடா பண்றே?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன்ப்பா. கால் வரமாட்டேங்குது."

"எதுக்கு இதெல்லாம்?"

"நாளைக்குக் கதையைக் குடுக்கணும்ல? நான் குதிக்கலைன்னா பொய்யாயிடும்."

"கதைன்னாலே பொய்தானேடா."

"ஆனா இது என்னைப் பத்தின பொய்."

பாறையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல் சில்லென்றிருந்தது. "பிடிக்கலைன்னா வெள்ளிக்கிழமையே அடிச்சிருக்கலாமே. பேனாகூடக் குடுத்தேனே?"

"அதுதானே முடிவு. அதை அடிச்சா உன் கதையே இல்லையே." என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "நீ எவ்ளோ சந்தோஷமா வாசிச்சே."

என் மேல் எனக்கு வந்த கோபத்தை என்னவென்று எழுதுவது? ஓடிப்போய் உள்ளேயிருந்து தாளையும் பேனாவையும் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன்.

"அடி."

"அப்ப கதை எப்படி முடியும்?"

"அது என் பாடு. நீ அடி."

அடித்தாள். ஒரு கோடு போதும். நாலைந்து கோடு போட்டாள், தாள் கிழிந்தது. முகத்தில் ரத்தம் திரும்பியது. எழுந்து தண்ணீரை எட்டிப் பார்த்தாள். யாரும் சொல்லாமல், சும்மா பார்த்தாள்.

"அப்பா, இப்ப நான் குதிச்சா எழுதுவியா?"

"மாட்டேன்."

"குதிக்கலைன்னா?"

"அதையும் எழுத மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

யோசித்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். எழுத்தாளர்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"அப்ப நீ கரைக்குப் போய் அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

7

போய், ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

எதிரே வீடு. வாசலில் என் மனைவி, வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மச்சான், கையில் தேநீர்க் கெட்டில். இரண்டு பேரும் என் தலைக்கு மேலாகப் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் திரும்ப முடியாது. ஆனால் அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

ஆற்றுச் சத்தம் கேட்டது. எப்போதும் கேட்கிற சத்தம்தானா என்று—

மச்சான் ஏதோ கத்தினான். என்ன கத்தினான் என்று எழுதினால் கதை போச்சு.

பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்த என் மனைவியின் முகம்

(இங்கே ஒரு வாக்கியம் இருந்தது. நான் எழுதியதிலேயே நல்ல வாக்கியம், பொய் இல்லை. வீடு திரும்பியதும் மேசையில் வாசித்தேன். "இதைப் படிச்சா தெரிஞ்சுடும்ப்பா" என்று சென்சார் பேனாவைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.)

ஆசிரியர் போன் செய்தார். "சார், பொண்ணு குதிச்சாளா, இல்லையா? வாசகருக்கு ஏதாவது ஒண்ணு சொல்லணுமே" என்றார். அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். அவள் பாறை நுனியில் நிற்கிறாள். பார்க்கிறவர்கள் இருந்தால் அவளுக்குக் கால் வராது.

நீங்களும் கொஞ்சம் திரும்பி நில்லுங்கள்.